கழிமுக நீரில் 0.6, சேற்றில் 2,400: இரண்டில் எந்த எண்ணை நம்புவது?

ஓர் ஆற்றுக் கழிமுகத்தைப் பற்றிய ஆய்வறிக்கையைப் படித்துவிட்டு நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் டிஇஎச்பி என்ற வேதிப்பொருள் நீரில் லிட்டருக்கு 0.6 மைக்ரோகிராம் இருப்பதாகவும், அதே இடத்தில் அள்ளிய அடிச்சேற்றில் உலர் எடைக் கணக்கில் கிலோவுக்கு 2,400 மைக்ரோகிராம் இருப்பதாகவும், சேற்றின் கரிமக் கார்பன் (உயிர்ப்பொருள்கள் மட்கியதிலிருந்து வரும் கார்பன்) 2 சதவீதம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. நாலாயிரம் மடங்கு வித்தியாசம் வருகிறதே, ஏதோ ஒரு எண் தவறாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் வேறு இரண்டு கேள்விகளும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரே இடத்தில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா என்பது ஒன்று; அப்படியானால் அந்தக் கழிமுகத்தின் நிலையை எதை வைத்து முடிவுசெய்வது என்பது மற்றொன்று. நான் சுற்றுச்சூழல் வேதியியல் படித்தவன். வண்டலிலும் நீரிலும் இந்த வகைப் பொருள்களை அளப்பதையே பல ஆண்டுகளாக வேலையாகச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் கேள்விக்குப் பதில், தாராளமாக இருக்க முடியும் என்பதே. இரண்டாவதற்குச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வயர் உறையாகவோ தரைவிரிப்பாகவோ வளையும் குழாயாகவோ ஆக்க நெகிழ்வூட்டி சேர்க்கிறார்கள். மென்மையான பிவிசியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நெகிழ்வூட்டியாகவே இருப்பது சாதாரணம். இந்தப் பொருள் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளோடு வேதிப் பிணைப்பால் கட்டப்பட்டதல்ல. சங்கிலிகளுக்கு நடுவே எண்ணெய்போலப் புகுந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே பொருள் உழைக்கும் காலம் முழுவதும், தூக்கி எறிந்த பிறகும், அது சிறிது சிறிதாக வெளியேறிக்கொண்டே இருக்கும். நெகிழ்வூட்டிகளில் மிகுதியாகப் பயன்பட்டது தாலேட் குடும்பம்; டிஇஎச்பி அதில் ஒன்று. இடையில் ஒரு திருத்தம்: செய்திகளில் பிஸ்பீனால் ஏ என்ற பொருளையும் இதே பட்டியலில் சேர்த்து எழுதுகிறார்கள். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கையும் எபாக்ஸி பூச்சையும் உருவாக்கும் மூலப்பொருள். கழிமுகத்தில் அதன் நடத்தையும் வேறு. அதை இந்தக் கணக்கோடு கலக்கக் கூடாது.

தாலேட்டுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையும் அல்ல. குடும்பத்தில் மிகச் சிறியதான டைமெத்தில் தாலேட் ஒரு லிட்டர் நீரில் சுமார் 4 கிராம் கரையும். டைபியூட்டைல் தாலேட் சுமார் 11 மில்லிகிராம்தான் கரையும். உங்கள் அறிக்கையிலுள்ள டிஇஎச்பியோ உண்மையாகக் கரைவது லிட்டருக்குச் சுமார் 3 மைக்ரோகிராம் மட்டுமே. முதலாவதற்கும் கடைசிக்கும் நடுவே பத்து லட்சம் மடங்குக்கு மேல் இடைவெளி. (பழைய நூல்களில் டிஇஎச்பியின் கரைதிறன் இதைவிட நூறு மடங்கு வரை அதிகமாகப் போடப்பட்டிருக்கும், கரையாமல் நுண்துளிகளாக மிதந்ததையும் சேர்த்து அளந்ததால் வந்த பிழை அது.) இதனால்தான் ‘மொத்தத் தாலேட்’ என்று ஒற்றை எண்ணை மட்டும் தரும் அறிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீரோடு போகிறதும் சேற்றில் தங்குகிறதும் ஒரே கூட்டலில் கலந்துவிட்டால், அந்த எண்ணிலிருந்து எதையும் படிக்க முடியாது.

இப்போது உங்கள் இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்போம். டிஇஎச்பி நீரைவிடக் கரிமப் பொருளோடு ஒட்டுவதையே விரும்பும். எவ்வளவு விரும்பும் என்பதற்கு ஒரு விகிதம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் இடர் மதிப்பீட்டில் எடுத்துக்கொண்ட மதிப்பின்படி, ஒரு கிலோ கரிமக் கார்பனில் ஒட்டியிருக்கும் அளவு, ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் அளவைப்போல் 1,65,000 மடங்கு. உங்கள் சேற்றில் கரிமக் கார்பன் 2 சதவீதம். எனவே ஒரு கிலோ சேற்றுக்கு இது 3,300 மடங்கு ஆகிறது. நீரில் 0.6 மைக்ரோகிராம் கரைந்திருந்தால், அதோடு சமநிலையில் இருக்கும் சேற்றில் 1,980 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். அளந்ததோ 2,400. இயற்கையான வண்டலில் இந்த விகிதமே இரண்டு மூன்று மடங்கு கூடக்குறைய இருக்கக்கூடியது என்பதால், இதை நல்ல பொருத்தம் என்றே சொல்வேன். முரண்பாடாகத் தெரிந்த நாலாயிரம் மடங்கு, இந்தப் பொருளின் இயல்பான குணம்தான். நீரில் இருக்கும் 0.6ஐ அற்பம் என்று தள்ளிவிடவும் கூடாது. அந்தப் பொருள் நீரில் கரையக்கூடிய உச்ச அளவில் அது ஐந்தில் ஒரு பங்கு.

ஆனால் இந்தக் கணக்கு ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. 0.6 முழுவதும் கரைந்திருந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன். நீரை வடிகட்டிய பிறகு அளந்தார்களா, கலங்கலோடு அப்படியே அளந்தார்களா என்பது நீங்கள் தந்த விவரத்தில் இல்லை. கழிமுக நீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வண்டல் மிதப்பது அபூர்வமல்ல. அந்த வண்டலும் அடிச்சேற்றைப் போலவே கிராமுக்கு 2.4 மைக்ரோகிராம் சுமந்தால், மிதக்கும் துகள்கள் மட்டுமே 0.6 மைக்ரோகிராமைக் கொண்டுவந்துவிடும். அப்படியானால் கரைந்திருந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். நீங்கள் ‘நீர்’ என்று படித்த எண், நீருக்குள் மிதந்த சேற்றின் எண்ணாகிவிடும். இது நுணுக்கத்துக்காகச் சொல்வதல்ல. கரைந்திருப்பது 0.6 என்றால் நீரும் சேறும் ஏறக்குறையச் சமநிலையில் இருக்கின்றன. கரைந்திருப்பது 0.2 மட்டும் என்றால், சமநிலைக்குச் சேற்றில் 660 போதும், இருப்பதோ 2,400. அந்த நிலையில் ஆறு சேற்றை மாசுபடுத்துவதை விட்டு, சேறு நீரை மாசுபடுத்தத் தொடங்கியிருக்கிறது. எந்தத் திசையில் பொருள் நகர்கிறது என்பதையே ஒரு வடிகட்டித்தாள் தீர்மானிக்கிறது.

இது கழிமுகத்தில் ஏன் இவ்வளவு கூர்மையாக நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நதிநீர் களிமண் துகள்களையும் இலைதழை மட்கிய பழுப்பு நிறக் கரிமப் பொருளையும் சுமந்து வருகிறது. இவை நன்னீரில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். உப்பு ஆயிரத்துக்குச் சில பங்கு ஏறியதுமே அந்த விலக்கு தளர்ந்து, துகள்கள் கூடித் திரளாகிக் கனத்து இறங்குகின்றன. அதே உப்பு, டிஇஎச்பி போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள பொருளின் கரைதிறனையும் குறைத்து அதைத் துகளின் பக்கம் தள்ளுகிறது. அடியில் கடல்நீர் உள்ளே நுழைய, மேலே நதிநீர் வெளியே போக, இரண்டும் சந்திக்கும் பகுதியில் வண்டல் கடலுக்கும் போகாமல் ஆற்றுக்கும் திரும்பாமல் சுழன்று கிடக்கும். கழிமுகத்திலேயே மிகக் கலங்கலான நீர் அங்கேதான் இருக்கும். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அந்தப் பகுதி மேலும் கீழும் நகர்கிறது. காலையில் வற்றத்தின்போது ஒரு புட்டி, மதியம் ஏற்றத்தின்போது ஒரு புட்டி என்று ஒரே படகிலிருந்து எடுத்தால்கூட இரண்டும் வேறு வேறு நீர். உப்பளவும் ஓதத்தின் (கடல் ஏற்றவற்றத்தின்) நேரமும் குறிப்பிடாத கழிமுக நீர் அளவை வேறோர் ஆண்டின் அளவோடு ஒப்பிட்டு ‘கூடியது, குறைந்தது’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. வெள்ளக் காலமும் வறண்ட காலமும் இதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும்.

பொருள் எங்கிருந்து வருகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. நகரக் கழிவுநீர், மழைநீர் வடிகால், பிளாஸ்டிக் தொழிலின் வெளியேற்றம், குப்பை மேட்டின் கசிவு, காற்றிலிருந்து படியும் தூசு ஆகியவை எல்லாம் சேர்கின்றன. சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக இயங்கினால் டிஇஎச்பியின் பெரும்பகுதி நீரிலிருந்து நீங்கிவிடும். ஆனால் நீங்கியதில் ஒரு பெரிய பங்கு அழிந்துபோவதில்லை, கசடோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கசடு எங்கே போகிறது என்று கேட்பது அவசியம்.

சேற்றில் சேர்ந்த பிறகு என்ன ஆகிறது? நீரால் மட்டும் சிதைவது மிக மெதுவானது. நடுநிலையான நீரில் டிஇஎச்பி பாதியாகச் சுமார் 2,000 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உண்மையில் அதை அழிப்பவை நுண்ணுயிர்கள். பிராணவாயு இருக்கும் இடத்தில் நாள்கள், வாரங்கள் என்ற கணக்கில் அவை வேலையை முடித்துவிடும். பிராணவாயு இல்லாத சேற்றில் அதே வேலை மிகவும் தாமதப்படும், சில இடங்களில் ஏறக்குறைய நின்றேபோகும். கழிமுகச் சேற்றைக் குழாயில் உருவி எடுத்து நீளவாக்கில் பிளந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேலே அரை சென்டிமீட்டரோ ஒரு சென்டிமீட்டரோ பழுப்பாக, தொட்டால் கலைந்துபோகும் மெல்லிய தோல் இருக்கும். பிராணவாயு எட்டுவது அதுவரைதான். அதன் கீழே திடீரென்று கரிய, வழவழப்பான சேறு தொடங்கும். வெட்டிய உடனே அழுகிய முட்டை நாற்றம் எழும். காற்றில் சில நிமிடம் வைத்தால் அந்தக் கருமை வெளிறும். டிஇஎச்பி அந்தக் கரிய பகுதிக்குள் புதைந்துவிட்டால் அது பத்தாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கலாம். வண்டலில் படியும் கதிரியக்கப் பொருளான ஈயம்-210இன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) சுமார் 22 ஆண்டுகள் என்பதையும், அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 படிவு 1963ஆம் ஆண்டை ஒட்டி உச்சம் தொட்டதையும் வைத்து ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கணிக்கலாம். கலையாத வண்டல் கிடைத்தால் அந்தக் குழாயே ஒரு நாட்குறிப்பு. ஆனால் புழுக்களும் மட்டிகளும் தோண்டிய இடத்தில், அல்லது கப்பல் வழிக்காகத் தூர்வாரிய இடத்தில், அந்த நாட்குறிப்பின் பக்கங்கள் கலைந்திருக்கும். அதைச் சரிபார்க்காமல் ஆண்டுக் கணக்குச் சொல்லக் கூடாது.

இனி, எண்ணை நம்புவதற்கு முன் நான் முதலில் தேடும் விஷயம். இந்தப் பொருள் ஆய்வகத்திலேயே எங்கும் நிறைந்திருக்கிறது: கையுறையில், புட்டி மூடியின் உள்வளையத்தில், கரைப்பானில், அறைத் தூசில். ஆகவே மாதிரி எதுவும் இல்லாமல், மற்ற எல்லாப் படிகளையும் அப்படியே செய்து, என்ன வருகிறது என்று பார்ப்போம். இதை வெற்று மாதிரி என்கிறோம். எங்கள் பேச்சில் பிளாங்க். ஒரு முறை எங்கள் பிளாங்க்கிலேயே டைபியூட்டைல் தாலேட், ஆற்றுநீரில் வந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. கண்ணாடிகளை 450 டிகிரியில் மீண்டும் சுட்டோம், கரைப்பானை மாற்றினோம், மாற்றமில்லை. கடைசியில் பார்த்தால், கரைப்பானை ஆவியாக்க நைட்ரஜன் வரும் வழியில் ஓர் அடி நீளத்துக்கு யாரோ மென்மையான பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தியிருந்தார்கள். அதை எஃகுக் குழாயாக மாற்றியதும் அளவு இறங்கியது. அந்த வாரங்களில் அளந்த நீர் முடிவுகள் அத்தனையையும் தள்ளிவிட்டோம். நீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்குக் கீழே பேசும்போது இந்த அபாயம் மிகப் பெரியது. சேற்றில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும்போது அதே கறை அவ்வளவாக உறுத்தாது. உங்கள் இரண்டு எண்களில் 2,400ஐ நான் எளிதாக நம்புவேன், 0.6ஐ, வெற்று மாதிரியின் அளவு பக்கத்தில் எழுதியிருந்தால் மட்டுமே நம்புவேன். இன்னொரு சிக்கலும் உண்டு. மூலக்கூறுகளை உடைத்துத் துண்டுகளின் எடையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் ஏறக்குறைய எல்லாத் தாலேட்டுகளும் உடைந்து 149 என்ற ஒரே எடையுள்ள துண்டைத்தான் தருகின்றன. எனவே எது எந்தத் தாலேட் என்பதை, பொருள்களைப் பிரிக்கும் குழாயிலிருந்து அது வெளிவரும் நேரத்தையும், ஐசோடோப்பால் குறியிட்ட (அதே மூலக்கூறுதான், எடை மட்டும் சற்று வேறு) ஒப்பீட்டுப் பொருளையும் வைத்தே உறுதி செய்ய வேண்டும்.

அடுத்தது ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் டிஇஎச்பிக்கு மேற்பரப்பு நீரில் ஆண்டுச் சராசரியாக லிட்டருக்கு 1.3 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. வடிகட்டாத முழு நீருக்கான வரம்பு அது. இந்த எண் வந்த வழி பலருக்குத் தெரியாது. மீனோ பாசியோ சாகும் அளவைப் பார்த்து வைத்ததல்ல இது. சிப்பியைத் தின்று வாழும் பறவைக்கும் விலங்குக்கும் உணவில் தாங்கத்தக்க அளவு கிலோவுக்கு 3.3 மில்லிகிராம் என்றும், சிப்பி தன் உடலில் நீரிலுள்ளதைப்போல் 2,500 மடங்கு சேர்க்கும் என்றும் கொண்டு, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.3 வருகிறது. உங்கள் 0.6 இந்த வரம்புக்குள் அடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் 8 மைக்ரோகிராம் என்ற வழிகாட்டு மதிப்பை இங்கே கொண்டுவர வேண்டாம். கழிமுக நீரை யாரும் குடிப்பதில்லை.

சேற்றுக்கு வரும்போது தரை அவ்வளவு உறுதியாக இல்லை. அதே ஐரோப்பிய இடர் மதிப்பீடு, அடிச்சேற்று உயிர்களுக்குப் பாதிப்பு வராத அளவாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று கொண்டது. உங்கள் சேறு 2.4 மில்லிகிராம், வெகு தூரம் கீழே. ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் கடல் வண்டலுக்கு வைத்திருக்கும் தர அளவு, ஒரு கிலோ கரிமக் கார்பனுக்கு 47 மில்லிகிராம். உங்கள் 2.4ஐ 2 சதவீதத்தால் வகுத்தால் 120 வருகிறது. இரண்டரை மடங்கு மேலே. ஒரே சேறு ஒரு தேர்வில் தேறி, இன்னொன்றில் தோற்கிறது. முதல் அளவு, சுத்தமான சேற்றில் டிஇஎச்பியை மட்டும் கலந்து ஆய்வகத்தில் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. இரண்டாவது, உண்மையான கடலடிச் சேற்றில் எந்த அளவுக்கு மேல் உயிர்கள் தவறாமல் பாதிக்கப்பட்டிருந்தன என்று பார்த்து வைத்தது. அந்த உண்மைச் சேற்றில் டிஇஎச்பி தனியாக இருந்திருக்காது. உலோகமும் எண்ணெய்க் கழிவும் கூடவே இருந்திருக்கும். ஆகவே இரண்டாவது அளவை டிஇஎச்பியின் நஞ்சுத்தன்மை என்று வாசிப்பது தவறு. நகரக் கழிவு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதன் அடையாளமாக வாசிப்பது சரி. உங்கள் சேற்றுக்கு என் தீர்ப்பும் அதுவே: டிஇஎச்பி மட்டும் அங்குள்ள உயிர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் டிஇஎச்பி இந்த அளவுக்கு வந்த வழியில் வேறு பலவும் வந்திருக்கும். அவற்றையும் அளக்காமல் விடக் கூடாது.

மீனைப் பற்றிய கவலைக்கு ஓரளவு உறுதியான பதில் உண்டு. எண்ணெயில் கரையும் பொருள் என்றதும், பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பிசிபி என்ற மாசுபோலச் சிறு மீனிலிருந்து பெரு மீனுக்குப் போகப் போகப் பெருகும் என்று பலர் நினைக்கிறார்கள். வான்கூவரின் ஃபால்ஸ் க்ரீக் துறைமுகப் பகுதியில் 18 வகைக் கடலுயிர்களில் பிசிபி, டிஇஎச்பி இரண்டையும் ஒன்றாக அளந்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். பிசிபி எதிர்பார்த்தபடியே பெருகியது. டிஇஎச்பியோ உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகக் குறைந்தது. மீன்களின் உடல் அதை உடைத்து வெளியேற்றுகிறது என்பதே காரணம். சேற்றிலேயே வாழ்ந்து நீரை வடிகட்டித் தின்னும் மட்டி, சிப்பி வகைகள் அவ்வளவு திறமையாக உடைப்பதில்லை. ஆகவே அளக்க வேண்டுமானால் முதலில் அவற்றைத்தான் அளக்க வேண்டும். தாலேட்டுகள் சில, எலிகளில் கருவிலிருக்கும் ஆண் குட்டியின் ஆண் ஹார்மோன் சுரப்பைக் குறைக்கின்றன என்பது உறுதியாக நிறுவப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் பொம்மைகளில் 1999லிருந்தும், 2020 ஜூலையிலிருந்து பெரும்பாலான நுகர்பொருள்களில் நான்கு தாலேட்டுகளுக்கு 0.1 சதவீதம் என்றும் கட்டுப்பாடு வைத்ததற்கு விலங்குச் சோதனைகளில் கண்ட இத்தகைய பாதிப்புகளே அடிப்படை. கழிமுகத்தில் வரும் அளவுகளில் நத்தைக்கும் புழுவுக்கும் மீனுக்கும் அதே பாதிப்பு நேர்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. மனிதர் உண்பதைப் பற்றிய மருத்துவ முடிவு என் துறைக்கு வெளியே. அதை ஒரு நச்சியல் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். சிப்பியின் சதையில் அளந்த எண் கையில் இருந்தால்தான் அவராலும் பதில் சொல்ல முடியும். சேற்றின் எண்ணிலிருந்து அதைச் சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று என்னை உறுத்துகிறது. கட்டுப்பாடு வந்த பிறகு தொழிற்சாலைகள் டிஐஎன்பி போன்ற பெரிய தாலேட்டுகளுக்கும், 2002இல் சந்தைக்கு வந்த டிஐஎன்சிஎச் போன்ற தாலேட் அல்லாதவற்றுக்கும் மாறின. இவையும் பிளாஸ்டிக்கோடு பிணைக்கப்படாதவைதான், இவையும் நீரை வெறுத்துச் சேற்றை நாடுபவைதான். டிஇஎச்பியை மட்டும் தேடும் அறிக்கை ‘குறைந்து வருகிறது’ என்று சொல்லும்போது, அந்த இடத்தை எது நிரப்பியது என்பது அதில் தெரியாமலே போய்விடும்.

ஆகவே அந்த அறிக்கையை எழுதியவர்களுக்கு நீங்கள் எழுதுவதாக இருந்தால் இவற்றைக் கேளுங்கள்: நீரை வடிகட்டினார்களா, வெற்று மாதிரியில் எவ்வளவு வந்தது, மாதிரி எடுத்தபோது உப்பளவும் ஓதமும் என்ன, சேறு மேலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஆழம் வரை அள்ளியது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மேல் பழுப்புத் தோலில் 2,400 இருந்தால் வரத்து இன்றும் தொடர்கிறது. நிறுத்த வேண்டிய வாய் எங்கோ மேலே ஆற்றோரத்தில் இருக்கிறது. தோலில் குறைந்து, கரிய சேற்றில் அதிகமாக இருந்தால் அது பழைய வரவு. கிளறாமல் விட்டால் புதிய வண்டல் அதை மூடிக்கொண்டே போகும். அங்கே தூர்வாரும் திட்டம் ஏதாவது இருந்தால், முதல் எந்திரம் இறங்குவதற்கு முன்பே அந்த ஆழத்துச் சேற்றை அளக்கும்படி வற்புறுத்துங்கள்.